தடையின்றி விழும் பந்தை முந்தும் பலகை: வகுப்பறைச் செய்முறைக்கான முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மரப்பலகையின் ஒரு முனையைக் கீல் போட்டு அடிப்பலகையோடு பிணைத்து, மறுமுனையை 30 பாகை சாய்வில் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோம். உயர்ந்து நிற்கும் முனையில் ஒரு பந்து இருக்கிறது. அதிலிருந்து சற்றுக் கீழே, அதே பலகையின் மேல், ஒரு சிறு கிண்ணம் ஒட்டப்பட்டிருக்கிறது. முட்டுக்கோலைச் சட்டென்று விலக்கியதும் பலகை "பட்" என்று விழுகிறது. எட்டிப் பார்த்தால் பந்து கிண்ணத்துக்குள் கிடக்கிறது. பந்து கிண்ணத்துக்குள் போக வேண்டுமானால், கிண்ணம் அதற்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்து காத்திருந்திருக்க வேண்டும். அதாவது, தடையின்றி விழும் பந்தைவிடப் பலகையின் முனை வேகமாக விழுந்திருக்கிறது. எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்தோடு விழுகின்றன என்று படித்துவிட்டு வந்த மாணவருக்கு இது உறுத்தாமல் போகாது. அந்த உறுத்தலை மழுங்கவிடாமல், சரியான கேள்வியாக மாற்றிக் கணக்குவரை கொண்டுசெல்வதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

சுழற்சி இயக்கத்தைப் பற்றிய பாடத்தில் வேடிக்கைக்கு உரிய செய்முறைகள் பல உண்டு. சுழலும் சைக்கிள் சக்கரமும் சுழல் நாற்காலியும் பார்ப்பவரை மயக்கும். ஆனால் அவற்றின் விளக்கத்துக்கு முப்பரிமாண வெக்டர்கள் தேவைப்படுவதால், பள்ளி அளவில் வியப்போடு நின்றுவிடும் ஆபத்து அதிகம். இந்தப் பலகை அப்படிப்பட்டதன்று. திருப்புவிசை (பொருளைச் சுழற்றும் விளைவு), நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு), ஒரு கோசைன் ஆகிய மூன்றே போதும். முழுக் கணக்கும் கரும்பலகையில் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். கணக்கு சொல்லும் எண்ணைக் கைபேசிக் கேமராவைக் கொண்டு சரிபார்க்கவும் முடியும்.

கருவியைச் செய்யுமுன்: நாணயங்களும் அளவுகோலும்

பலகையைச் செய்ய அரை நாள் ஆகும். அதற்கு முன், ஒரு மீட்டர் மர அளவுகோலையும் எடை குறைந்த சில நாணயங்களையும் வைத்து இதே உண்மையைப் பார்த்துவிடலாம். அளவுகோலின் பூச்சிய முனையை மேசை விளிம்பின் மீது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் படுமாறு வைத்து, மறுமுனையை ஒரு விரலால் தாங்கி, கோலைக் கிடையாகப் பிடிக்கவும். 10 செ.மீ. இடைவெளிகளில் நாணயங்களை அடுக்கவும். பிறகு விரலைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்துவிடவும்.

இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஸ்லோ மோஷனில் பதிவுசெய்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். 10 முதல் 60 வரை உள்ள நாணயங்கள் கோலோடு ஒட்டியபடியே இறங்குகின்றன. 70, 80, 90 ஆகிய இடங்களில் உள்ளவற்றின் அடியிலிருந்து கோல் நழுவிப் போய்விடுகிறது. அவை காற்றில் தனித்து நிற்பதுபோல் தோன்றி, பின்னால் விழுகின்றன. எல்லை 60-க்கும் 70-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அது 66.7, அதாவது நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டாம்.

தேவையான பொருள்கள்

பலகை சீரானதாக இருக்க வேண்டும்: கணுக்கள் இல்லாமல், முழு நீளத்துக்கும் ஒரே அகலமும் ஒரே தடிப்பும் கொண்டதாக. 104 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்பு வசதியான அளவு. அதைவிட மெல்லியதானால் விழும்போது வளையும். நம் கணக்கோ அது வளையாது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அடிப்பலகை இதைவிட 10 செ.மீ. நீளமாகவும் நல்ல கனமாகவும் இருக்கட்டும்.

கீலுக்குச் சாதாரணக் கதவுக் கீல் போதும். ஆனால் கடையில் எடுக்கும்போதே ஆட்டிப் பார்த்து, ஆட்டமில்லாததாகத் தேர்ந்தெடுக்கவும். பந்து 25 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டாகவோ கண்ணாடிக் கோலிக்குண்டாகவோ இருக்கலாம். மேசைப்பந்தாட்டப் பந்தை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதைக் கொண்டும் செய்முறை வெற்றிபெறும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல்: "காற்று பந்தைத் தாங்கிப் பிடித்துவிட்டது" என்று ஒரு மாணவர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கிண்ணம் எடை குறைந்த பிளாஸ்டிக்காக, 8 செ.மீ. வாய் அகலமும் 5 செ.மீ.க்கு மிகாத உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். இந்த உயர வரம்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம். இவை தவிர, பலகை வந்து விழும் இடத்தில் வைக்கத் தடித்த ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் துண்டு, கிண்ணத்தின் அடியில் போடக் கொஞ்சம் பஞ்சு, சுமார் அரை மீட்டர் நீளமுள்ள முட்டுக்கோல், தூக்குக்குண்டு கட்டிய நூல், உப்புத்தாள், பசை ஆகியவை வேண்டும்.

கருவியை உருவாக்குதல்

முதலில் கீல். பலகையின் ஒரு முனையைக் கீலின் வழியே அடிப்பலகையோடு திருகாணிகளால் பிணைக்கவும். கீலின் அச்சு பலகையின் நீளத்துக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும்; சற்றே கோணலாக இருந்தாலும் பலகை பக்கவாட்டில் ஒதுங்கி விழும், கிண்ணம் பந்துக்கு நேராக வராது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பலகையைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்து, எங்கும் பிடிக்காமல் விழுகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளவும். முழுவதும் இறங்கிய நிலையில் பலகை கிடையாக அமரும்படி மறுமுனையின் அடியில் ரப்பர் துண்டை வைக்கவும்.

அடுத்தது பந்தின் இருக்கை. இந்தக் கருவியில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். கீலின் அச்சிலிருந்து சரியாக 100 செ.மீ. தொலைவில் பந்து அமர வேண்டும். பலகை 30 பாகை சாய்ந்து நிற்கையில் பந்து உருண்டோடாமல் இருக்க, மேற்புறம் கிடையாக அமையும்படி சீவிய ஒரு சிறு ஆப்பு வடிவக் கட்டையை அங்கே ஒட்டி, அதன் மேல் ஆழமில்லாத ஒரு குழியைத் துளைக்கவும். 25 மி.மீ. பந்துக்கு 3 மி.மீ. விட்டமுள்ள குழி போதும். குழியின் விளிம்பை உப்புத்தாளால் மழித்துவிடவும்.

பந்து பாதுகாப்பாக உட்காரட்டும் என்று பெரிய குழியாகத் தோண்டிவிடத் தோன்றும். அதுதான் செய்முறையைக் கெடுக்கும். பலகை விழத் தொடங்கும்போது அதன் முனை நேர்கீழாக மட்டும் நகர்வதில்லை. வட்டப்பாதையில் செல்வதால் கீலைவிட்டு வெளிப்புறமாகவும் நகர்கிறது. 30 பாகையில், முனையின் வெளிப்புற முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் 0.65 மடங்கு, கீழ்நோக்கிய முடுக்கமோ 1.125 மடங்கு, அதாவது பந்தைவிட 0.125 மடங்கு மட்டுமே அதிகம். இருக்கை பந்தைவிட்டு மெல்ல விலகிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் வேகமாக நகர்கிறது. குழியின் கீல்புற விளிம்பு உயரமாக இருந்தால் அது பந்தை வெளிப்புறம் தள்ளிவிடும். பந்து கிண்ணத்தைத் தாண்டிப் போய் விழும். கணக்கிட்டுப் பார்த்தால், குழியின் விட்டம் பந்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவே கூடாது என்று வருகிறது. எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை.

கிண்ணத்தின் இடத்தைக் குறிக்கக் கணக்கைவிடத் தூக்குக்குண்டு நம்பகமானது. பலகையை 30 பாகையில் நிறுத்தி, இருக்கையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது அடிப்பலகையைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடவும். பலகையை இறக்கி, அந்தக் கோட்டுக்கு நேர் மேலே கிண்ணத்தின் மையம் வரும்படி ஒட்டவும். கீலிலிருந்து ஏறத்தாழ 86.6 செ.மீ. என்று வரும், இது 100-ஐ 30 பாகையின் கோசைனால் பெருக்கிக் கிடைக்கும் எண் என்பதை மாணவர்கள் கணக்கிட்டு ஒப்பிடலாம். கிண்ணத்துக்குள் பஞ்சை வைக்காவிட்டால், உள்ளே விழுந்த பந்து துள்ளி வெளியே போய், வெற்றிபெற்ற செய்முறையும் தோற்றதுபோல் காட்சியளிக்கும்.

இப்போது கிண்ணத்தின் உயரத்துக்கு வருவோம். பலகை விழும்போது கிண்ணம் கீல் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நகர்ந்து வந்து, பந்தின் அடியில் நுழைகிறது. அப்போது பந்து இன்னும் பாதி தூரம்கூட இறங்கியிருக்காது. கிண்ணத்தின் வெளி விளிம்பு அதற்குக் கீழே சுமார் 2 செ.மீ. இடைவெளியில் கடந்து செல்கிறது. 5 செ.மீ. உயரக் கிண்ணத்துக்கான கணக்கு இது. 8 செ.மீ. உயரமானால் அந்த இடைவெளி இல்லாமல் போய், விளிம்பு பந்தைத் தட்டிவிடும்.

நிறுத்துவதும் விடுவிப்பதும்

இருக்கை தன் கிடைநிலையைவிட 50 செ.மீ. உயர்ந்திருந்தால் சாய்வு 30 பாகை. கோணமானியைத் தேடுவதைவிட இப்படி அளப்பது எளிது. அந்த உயரத்துக்கு ஏற்றவாறு முட்டுக்கோலை வெட்டி, அதன் மேல் முனையை வழவழப்பாகத் தேய்த்து வைக்கவும்.

கோலைப் பலகையின் நீளவாக்கில், கீலுக்கு எதிர்ப்புறமாக, வெடுக்கென்று இழுக்க வேண்டும். அந்தத் திசையில் வரும் உராய்வை கீல் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இழுத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். மேல்நோக்கிச் சற்றே தூக்கிவிட்டாலோ பந்துக்கு ஒரு தள்ளல் கிடைத்துவிடும். இதைவிடத் தூய்மையான வழி ஒன்று உண்டு: மேலே ஒரு தாங்கி அமைத்து, பலகையின் முனையை நூலால் கட்டித் தொங்கவிட்டு, கத்தரிக்கோலால் நூலை வெட்டுவது. வகுப்பில் முதல் முறை காட்டும்போது முட்டுக்கோலே பொருத்தம், ஏனென்றால் வேகமும் சத்தமும் கவனத்தை இழுக்கும். கேமராவில் அளவெடுக்கும்போது நூலுக்கு மாறிக்கொள்ளலாம்.

பலகையின் முனை அடியைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் யாருடைய விரலும் இருக்கக் கூடாது. பந்தை வைப்பவர் முட்டு நன்றாக நிற்கிறது என்று பார்த்த பிறகே, மேற்புறத்திலிருந்து வைக்க வேண்டும்.

வகுப்பில் நடத்தும் முறை

கருவியை மேசையில் வைத்தவுடன் விடுவித்துக் காட்டிவிட வேண்டாம். பந்து கிண்ணத்தில் விழுந்ததை முதலிலேயே பார்த்துவிட்ட மாணவர், "அப்படித்தான் நடக்கும்" என்று தலையாட்டிவிடுவார். முதலில் கேள்வியைக் கேட்கவும்: முட்டுக்கோலை எடுத்தால், பலகை அடியைத் தொடும் கணத்தில் பந்து எங்கே இருக்கும்? இருக்கையிலேயேவா, பலகைக்கு மேலே காற்றிலா, பலகையில் உருண்டு கீல் பக்கம் வந்திருக்குமா? ஒவ்வொருவரும் தம் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் தாளில் எழுதட்டும். எழுதாத விடையை மாற்றிக்கொள்வது எளிது; எழுதிய விடைக்கு மாணவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

முதல் முறை கிண்ணம் இல்லாமலேயே காட்டலாம். அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, சண்டை வரும். அந்தச் சண்டை நமக்குத் தேவை. "பந்து முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்பதைக் கேமரா இல்லாமல் எப்படி நிறுவுவது?" என்று கேட்டால், பந்தைப் பிடிக்க எதையாவது வைக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் வகுப்பிலிருந்தே வந்துவிடும். அதன் பிறகு கிண்ணத்தை ஒட்டி, மீண்டும் செய்து காட்டவும்.

அடுத்துக் கைபேசியை நொடிக்கு 240 ஃபிரேம் பதிவுசெய்யும் நிலையில் வைத்து, கருவிக்குப் பக்கவாட்டில், கிண்ணத்தின் உயரத்தில் நிறுத்திப் பதிவுசெய்யவும். பலகை அடியைத் தொட 0.281 நொடி ஆகிறது. ஃபிரேம் கணக்கில் ஏறத்தாழ 67. அதே 50 செ.மீ. உயரத்தைத் தடையின்றி விழும் பந்து கடக்க 0.319 நொடி, அதாவது 77 ஃபிரேம். வேறுபாடு 9 அல்லது 10 ஃபிரேம். பலகை அடியில் மோதும் ஃபிரேமில் படத்தை நிறுத்தினால், பந்து தான் இறங்க வேண்டிய மட்டத்துக்கு 11 செ.மீ. மேலே, ஒன்றும் தொடாமல், அந்தரத்தில் இருப்பதைக் காணலாம். இந்த ஒரு படத்தைத் திரையில் நிறுத்திவைத்துக்கொண்டு விளக்கத்தைத் தொடங்கவும். சாதாரண 30 ஃபிரேம் பதிவில் வேறுபாடு ஒரே ஒரு ஃபிரேம்தான் வரும்; அது எதையும் நிறுவாது.

ஏன் இப்படி நடக்கிறது

எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்தோடு விழுகின்றன என்று கலிலியோ சொன்னது பொய்யாகிவிடவில்லை. ஈர்ப்பு விசை ஒன்று மட்டுமே செயல்படும் பொருளுக்குத்தான் அந்த விதி பொருந்தும். பந்தின் மேல் வேறு விசை இல்லை. பலகையின் மேலோ கீலும் ஒரு விசையைச் செலுத்துகிறது. பலகையின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது.

கணக்கு இது. பலகையின் எடை அதன் நிறை மையத்தில், நீளத்தின் பாதியில், செயல்படுவதாகக் கொள்ளலாம். ஆகவே கீலைச் சுற்றிய திருப்புவிசை என்பது எடை, நீளத்தில் பாதி, சாய்கோணத்தின் கோசைன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். முனையைச் சுற்றிச் சுழலும் சீரான தண்டின் நிலைமத் திருப்புத்திறன், நிறையை நீளத்தின் இருமடியால் பெருக்கி மூன்றால் வகுத்தால் கிடைப்பது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கோண முடுக்கம் வரும். அதை நீளத்தால் பெருக்கினால் முனையின் முடுக்கம். நிறையும் நீளமும் அடிபட்டுப்போய் எஞ்சுவது:

முனையின் முடுக்கம் = ஒன்றரை × ஈர்ப்பு முடுக்கம் × கோசைன்

இந்த முடுக்கம் பலகைக்குச் செங்குத்தான திசையில் அமைந்தது. அதன் நேர்கீழான கூறு வேண்டுமானால் மீண்டும் ஒருமுறை கோசைனால் பெருக்க வேண்டும். எனவே கோசைனின் இருமடியை ஒன்றரையால் பெருக்கி வரும் எண் ஒன்றைவிட அதிகமாக இருந்தால் பலகையின் முனை பந்தை முந்தும். அதாவது கோசைனின் இருமடி மூன்றில் இரண்டைத் தாண்ட வேண்டும், சாய்வு 35.3 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 30 பாகையில் கோசைனின் இருமடி 0.75, ஒன்றரையால் பெருக்கினால் 1.125.

இது தொடக்கக் கணத்துக்கான கணக்கு. பலகை இறங்க இறங்க கோசைன் கூடுகிறது. போதாக்குறைக்கு, வேகம் ஏறும்போது கீலை நோக்கிய மையநோக்கு முடுக்கமும் சேர்கிறது. கீல் முனைக்குக் கீழே இருப்பதால் அந்த முடுக்கத்துக்கும் கீழ்நோக்கிய கூறு உண்டு. எனவே தொடக்கத்தில் முந்திய பலகை இறுதிவரை முந்திக்கொண்டே போகிறது. ஆற்றல் அழிவின்மையைக் கொண்டு பார்த்தால், முனையின் இறுதி வேகம் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் மூன்றால் பெருக்கியதன் இருமடி மூலம் (வர்க்கமூலம்). பந்துக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு. 50 செ.மீ. உயரத்துக்கு முறையே நொடிக்கு 3.83 மீட்டரும் 3.13 மீட்டரும் வரும்.

எண்கள் சரி, ஆனால் முனைக்கு அந்தக் கூடுதல் முடுக்கத்தைக் கொடுப்பது எது? இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்க வேண்டும். பலகையைச் சிறு சிறு துண்டுகளாக நினைத்துக்கொள்ளலாம். கீலுக்கு அருகில் உள்ள துண்டையும் ஈர்ப்பு அதே அளவில்தான் இழுக்கிறது. ஆனால் அது கீலோடு பிணைந்திருப்பதால் வேகமாக விழ வழியில்லை. பலகை வளையாதது என்பதால் அந்தத் துண்டின் இழுப்பு வீணாகாமல் பலகையின் வழியே வெளிப்புறத் துண்டுகளைக் கீழே அழுத்துகிறது. உட்புறம் ஈர்ப்பு முடுக்கத்தைவிட மெதுவாகவும், வெளிப்புறம் அதைவிட வேகமாகவும் இறங்குகின்றன. நிறை மையத்தை எடுத்துக்கொண்டால், 30 பாகையில் அதன் நேர்கீழான முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் 0.56 மடங்குதான். பலகை முழுவதும் பந்தைவிட வேகமாக விழுகிறது என்று எழுதும் மாணவரைத் திருத்த இந்த எண் உதவும்.

உட்புறமும் வெளிப்புறமும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் உள்ள புள்ளி, பக்கத்துத் துண்டுகள் எவையும் இல்லாமல் தனியாகக் கட்டப்பட்டிருந்தால் எப்படி இறங்குமோ அப்படியே இறங்குகிறது. நாணயங்கள் காட்டிய எல்லை அதுதான். ஊசல்களை ஆராய்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ், திண்மப் பொருள்களின் அலைவு மையம் என்று 1673-இல் வெளியான தம் ஆய்வில் கணக்கிட்டுக் காட்டியதும் இந்தப் புள்ளியைத்தான்.

இதை நேரிலும் காட்டலாம். இருக்கையையும் கிண்ணத்தையும் பொருத்துமுன், ஒரு மீட்டர் சீரான பலகையை ஒரு முனையில் தொங்கவிட்டு ஊசலாட்டவும், பக்கத்தில் 66.7 செ.மீ. நூலில் கட்டிய குண்டு ஒன்றையும் ஆட்டிவிடவும். இரண்டும் ஒன்றாகவே போய் வரும். பத்து அலைவுகளுக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ 16.4 நொடி.

"பலகை கனமானது, அதனால்தான்"

இந்த விளக்கம் எந்த வகுப்பிலும் வராமல் இருக்காது. சொல்லி மறுப்பதைவிடச் செய்து மறுப்பது நல்லது. இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பலகையைத் தராசில் நிறுத்து, அதே எடையுள்ள ஒரு சுமையைத் தயார்செய்யவும். அதை இரண்டாகப் பிரித்து, பலகையின் இரு பக்கவாட்டு விளிம்புகளிலும் எதிரெதிராகக் கட்டும்படி வைத்துக்கொண்டால் எந்த இடத்துக்கும் நகர்த்தலாம். சுமையைக் கட்டியபின் இருக்கையில் பந்தை வைக்க வேண்டாம். அதே உயரத்திலிருந்து, பலகைக்குப் பக்கத்தில் பந்தைத் தனியாக விட்டு, இரண்டையும் ஒரே பதிவில் படம்பிடிக்கவும்.

இப்போது மூன்று இடங்கள். முதலில் சுமையை முனையிலேயே, 100 செ.மீ. தொலைவில் கட்டவும். பலகை இன்னும் வேகமாக விழும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். விழுவதோ மெதுவாக: 0.325 நொடி ஆகிறது. பந்து 0.319 நொடியிலேயே வந்துவிடுவதால், முன்பு பத்து ஃபிரேம் முந்திய பலகை இப்போது ஒரு ஃபிரேம் அளவில் பின்தங்குகிறது. அடுத்து அதே சுமையை 66.7 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தவும். பலகையின் எடை இரட்டிப்பாகியும் நேரம் மாறவே இல்லை: அதே 0.281 நொடி. மூன்றாவதாகச் சுமையைக் கீலுக்கு அருகில், 26 செ.மீ. தொலைவில் கட்டினால் நேரம் 0.250 நொடியாகக் குறைகிறது. பந்துக்கு முன்பாகப் பதினாறு, பதினேழு ஃபிரேம்.

எடை ஒன்றுதான், மாறியது இடம் மட்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு வெளியே வைத்த சுமை திருப்புவிசையைக் கூட்டுவதைவிட நிலைமத் திருப்புத்திறனைக் கூட்டிவிடுகிறது. உள்ளே வைத்த சுமை அதற்கு நேர்மாறாகச் செய்கிறது. மேல்வகுப்பு மாணவர்களிடம், பலகைக்குச் சமமான சுமையை எங்கே வைத்தால் மிக வேகமாக விழும் என்று கேட்கலாம். வகையீடு செய்தால், தொலைவின் இருமடியும் தொலைவும் சேர்ந்து மூன்றில் ஒன்றாக வரும் இடம் என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் விடை 0.264. அந்த 26 செ.மீ. வந்த வழி இதுதான்.

சரியாக வராதபோது பார்க்க வேண்டியவை

பந்து கிண்ணத்தைத் தாண்டி வெளிப்புறம் விழுந்தால் குழி பெரிதாக இருக்கிறது, அல்லது சாய்வு 30 பாகையைத் தாண்டிவிட்டது. கிண்ணத்துக்கும் கீலுக்கும் இடையில் விழுந்தால், விடுவிக்குமுன்பே பந்து இருக்கையிலிருந்து நழுவத் தொடங்கியிருக்கும். ஆப்புக் கட்டையின் மேற்புறம் கிடையாக இருக்கிறதா என்று பார்க்கவும். பக்கவாட்டில் விழுந்தால் கீல் கோணலாக இருக்கிறது, அல்லது முட்டுக்கோலை நேராக இழுக்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்தால் கிண்ணத்தின் உயரத்தைக் குறைக்கவும். நேரம் மட்டும் கணக்கைவிட இரண்டு மூன்று ஃபிரேம் கூடுதலாக வந்தால், கீலின் உராய்வும் கிண்ணத்தின் எடையும் காரணமாக இருக்கலாம். அதைத் திருத்த முயல்வதைவிட, எவ்வளவு வேறுபடும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்வது பயனுள்ளது.

நேரம் மீதமிருந்தால்

உயரமான புகைபோக்கிகளை இடிக்கும்போது, அவை சாய்ந்து விழும் வழியிலேயே, தரையைத் தொடுமுன் இரண்டாக உடைவதைக் காணொளிகளில் காணலாம். உச்சி ஈர்ப்பு முடுக்கத்தைவிட வேகமாக விழ வேண்டுமானால் அடிப்பகுதி அதைத் தள்ள வேண்டும். செங்கற்கட்டுக்கு அந்த வளைவைத் தாங்கும் வலிமை கிடையாது. மெல்லிய, சீரான தண்டுக்குக் கணக்கிட்டால் வளைவு மிகுதியாவது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். உண்மையான புகைபோக்கிகள் மேலே போகப் போகக் குறுகுவதால் உடையும் இடம் மாறும். மரக்கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கோபுரமாகச் சாயவிட்டால், மேற்பகுதி பின்தங்கி வளைவதை வகுப்பிலேயே பார்க்கலாம்.

கோணத்தை மாற்றிப் பார்க்க விரும்புவோர் 20, 25, 30, 40 பாகைகளில் செய்யலாம்; ஒவ்வொரு முறையும் ஆப்புக் கட்டையையும் கிண்ணத்தின் இடத்தையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். குறைந்த சாய்வுகளில் பந்தின் அடியில் கிண்ணம் நுழைய இடைவெளி குறுகுவதால், 25 பாகைக்கே 3 செ.மீ. உயரக் கிண்ணம் தேவைப்படும். 40 பாகையில் கோசைனின் இருமடியை ஒன்றரையால் பெருக்கினால் 0.88 வருகிறது. தொடக்கத்தில் இருக்கை பந்தைவிட்டுப் பிரிவதில்லை. பந்தைக் கொஞ்ச தூரம் தொட்டபடியே போகிறது, அதனால் பந்து நேர்கீழாக விழாமல் குறி தவறுகிறது. கணக்கின்படி எல்லை 35.3 பாகை என்றாலும், குழிக்கு எவ்வளவு சிறியதாயினும் ஒரு விளிம்பு உண்டு என்பதால், 31 பாகைக்கு மேல் போகும்போது பந்து எப்போதும் கிண்ணத்தில் விழும் என்று எதிர்பார்க்க முடியாது.